புதுப்பிப்பு: கானாடுகாத்தான் வீட்டு ரவுட்டர்ல ஓப்பன்-டபிள்யூஆர்டி போட்டாச்சு

எங்க செட்டிநாட்டு வீட்டு முகப்புல இருக்க ரவுட்டர் சிக்னல் உள்ள இருக்க ரெண்டாங்கட்டுக்கு வரல, ஓப்பன்-டபிள்யூஆர்டி (கம்பெனி ஃபர்ம்வேருக்கு, அதாவது ரவுட்டர ஓட்டுற மென்பொருளுக்கு, பதிலா போடுற இலவச ஃபர்ம்வேர்) போட்டா சரியாகுமான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, போட்டாச்சு. பழைய ரவுட்டர் 4 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் பதியிற இடம்), 32 எம்பி ரேம்தான், இப்ப வர்ற வெர்ஷனுக்கு அது பத்தாது, அதனால 16 எம்பி, 128 எம்பி உள்ளதா செகண்ட்ஹேண்ட்ல ரெண்டு வாங்கி, அடியில ஸ்டிக்கர்ல ஹார்டுவேர் வெர்ஷனையும் சரிபாத்து அதுக்குண்டான ஃபைலத்தான் ஏத்துனேன். ஏத்துனதும் வைஃபையே காணோம், உசுரே போயிருச்சு! ஆரம்பத்துல அது ஆஃப்லதான் இருக்குமாம், லேன் கேபிள் மாட்டி பிரவுசர்ல 192.168.1.1 போயி பாஸ்வேர்டு வச்சு நாமதான் ஆன் பண்ணணும்.

ஆனா ஒண்ணு, நம்ம ஊரு சுவரு தடிமனுக்கு ஃபர்ம்வேர் மட்டும் பத்தவே பத்தாது. வளவு (நடு முற்றத்த சுத்தி இருக்க பகுதி) ஓரமா கேபிள் இழுத்து, ரெண்டாவது ரவுட்டருக்கு ஐபி முகவரிய மாத்தி டிஹெச்சிபிய (மத்த கருவிகளுக்கு ஐபி முகவரி குடுக்குற வேலைய) நிறுத்தி ஆக்சஸ் பாயின்ட்டா, அதாவது வைஃபை மட்டும் குடுக்குற மாதிரி, வச்சப்புறம்தான் உள்ள நல்லா எடுக்குது. அப்பத்தா இப்ப ரெண்டாங்கட்டுல உக்காந்தே சிங்கப்பூர் பேரன்கிட்ட வீடியோ கால் பேசுறாக.