முல்லைத்தீவு - கொழும்பு இரவுப் பயணம்: அம்மாவின் கால் வீக்கத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவும் இருக்கிறது. கிளினிக்குக்காக முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது. மாங்குளம் வந்து ஏ9 வீதியில் ஏறும்போதே முழங்காலை நீட்ட இடமில்லாமல் ஒடுங்கிப்போய் இருப்பார், விடிய இறங்கும்போது இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்கும். வழியில் கழிப்பறை தேட வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய பயம்.

4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடும். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் இரத்தம் மேலே ஏறும். அதனால் குதிக்காலை ஊன்றி விரல்களைத் தூக்கவும், பிறகு விரல்களை ஊன்றிக் குதிக்காலைத் தூக்கவும் சொல்வேன். கொஞ்ச நேரம் செய்வார், பிறகு நித்திரையாகிவிடுவார், பாவம், எழுப்ப மனம் வராது.

இறுக்கமான காலுறை பற்றி அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கப் போகிறோம், நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் அதைப் போடக்கூடாது. சரி என்றால், அளவெடுத்துத் தருகிற பாமசி வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கிறதா? மாங்குளத்தில் ரயில் ஏறினால் எழுந்து நடக்கலாம், வயதானவர்களை அப்படிக் கூட்டிப்போனவர்கள் ஸ்டேஷன் வரை எப்படிச் சமாளித்தீர்கள்? பஸ்தான் என்றால் எந்தப் பக்கச் சீற்றில் கால் நீட்டலாம்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், அடுத்த கிளினிக் கிட்ட வந்துவிட்டது.