ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங்: ஒளி தாளத்தோடு ஒட்ட மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

நிழல்வெளி:
கல்லூரி ஆண்டு விழாவுக்கு எங்கள் பழைய கட்டட முகப்பின் வடிவத்துக்கு ஏற்ப ப்ரொஜெக்டரால் படம் வீசும் மூன்று நிமிட மேப்பிங் செய்கிறேன். மொத்தம் ஏழு வளைவுகள், நடு வளைவு மட்டும் இருமடங்கு அகலம். பாட்டு நிமிடத்துக்கு 120 பீட். ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக ஓடும், ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு வளைவு மின்ன வேண்டும். லேப்டாப்பில் முதலில் சரியாக இருக்கிறது, போகப்போகப் படம் பின்தங்குகிறது. சுவரில் போட்டாலோ முதல் சுற்றிலேயே நடுவில் தடுமாறுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் நொடிக்கு 25 பிரேம் (படச் சட்டம்), பீட்டுக்கு 13 பிரேம் என்று கீஃபிரேம் (எந்தப் பிரேமில் கோடு எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) வைத்திருக்கிறேன்.

கட்டம்25:
இரண்டும் வேறு வேறு கோளாறு தம்பி. 120 பீட் என்றால் பீட்டுக்கு அரை நொடி, அதாவது 12.5 பிரேம். நீங்கள் 13 வைத்ததால் நிமிடத்துக்கு 60 பிரேம், 2.4 நொடி, தள்ளிப்போகிறது. மென்பொருளில் உங்கள் காம்பொசிஷனை (படத் தொகுப்பை) நொடிக்கு 30 பிரேமுக்கு மாற்றுங்கள், பீட்டுக்குக் கச்சிதமாக 15 வரும்.

சுவரொளி:
நடுவில் தடுமாறுவது சுவரால். கோடு ஒரே வேகத்தில் போகிறது, வளைவுகளோ ஒரே அகலத்தில் இல்லை. அதனால் பிக்சல் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவின் தொடக்கத்திலும் பீட் விழும் பிரேமில் ஒரு கீஃபிரேம் வையுங்கள். நடு வளைவில் கோடு தானாக வேகமெடுக்கும், பார்க்க அதுவே அழகு.

அப்புறம், ஏழு வளைவை நான்கு நான்காக எண்ணினால் ஒன்று இடிக்கும். ஆதி தாளம் மாதிரி எட்டாக எண்ணுங்கள்: ஏழுக்கு ஏழு வளைவு, எட்டாவதில் சுவர் முழுக்கக் கறுப்பு. எல்லாப் பீட்டிலும் எதையாவது மின்னவிட்டால் கண் சலித்துவிடும், தாளமே தெரியாது. ப்ரொஜெக்டரின் கறுப்பு லேசான சாம்பலாகத்தான் விழும், அதனால் இந்த இடைவெளியை ஒரு பீட்டுக்கு மேல் நீட்டாதீர்கள்.

முழுச் சுவரையும் அரை பீட்டுக்கு ஒருமுறை வெட்டிவெட்டி மின்ன வைக்கும் ஆசை வேண்டாம். அது நொடிக்கு நான்கு. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை நினைத்து, நொடிக்கு மூன்றுக்கு மேல் போகாமல் இருப்பதே பொது வழக்கம்.

நிழல்வெளி:
30 ஆக்கினேன், லேப்டாப்பில் இப்போது கடைசிவரை ஒட்டுகிறது, நன்றி அண்ணா. எட்டாவது கறுப்பும் அருமை. ஆனால் மைதானத்தின் பின்னால் நின்று பார்த்தால் ஒளி ஒரு நூலிழை முந்துகிறதே?

கட்டம்25:
ஸ்பீக்கர் கட்டடத்தோடு ஒட்டியிருக்கிறதா? ஒலி 35 மீட்டர் வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், உங்கள் கணக்கில் 3 பிரேம். கூட்டத்தின் நடுப்பகுதி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அளந்து, அந்த அளவுக்குப் படத்தைத் தாமதப்படுத்துங்கள். ப்ரொஜெக்டரே ஓரிரு பிரேம் தாமதிக்கலாம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். விழா அன்று ஸ்பீக்கரை நகர்த்தினால் மறுபடி பார்க்க வேண்டும்.