ஏழரை மணி ஜெபத்துக்கு மகன் உட்கார மாட்டேன் என்கிறான், என்ன செய்ய?

தேரிக்காட்டு அம்மா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரருக்குச் சென்னையில் மளிகைக் கடை, கிறிஸ்துமஸுக்கும் கோயில் அசன விருந்துக்கும்தான் ஊருக்கு வருவார். வீட்டில் நான், அத்தை, மகன், ஒன்பதாவது படிக்கும் மகள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏழரைக்குக் குடும்ப ஜெபம் நின்றதில்லை, புயலுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லாதபோதும் அரிக்கேன் விளக்கு வைத்து நடத்தியிருக்கிறோம். பாமாலைப் புத்தகத்தில் ஒரு பாட்டு, ஆளுக்கு இரண்டு வசனம், அப்புறம் அத்தை ஜெபம். அத்தை ஜெபம் என்றால் சென்னைக் கடையில் தொடங்கி, மும்பைக் கொழுந்தன், மஸ்கட் மருமகன், சேகரத்து ஐயர் (எங்கள் போதகர்), முட்டுவலி, மழை என்று ஒரு சுற்று வர இருபது நிமிஷம் பிடிக்கும்.

மகனுக்கு 19 வயது, சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். சபையில் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்தவன், ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டியில் வாங்கிய டிபன் பாக்ஸ் மூன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இந்த ஜூனிலிருந்து, “நீங்க பண்ணுங்க, நான் வேண்டாம்னா சொல்லுதேன்?” என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். அத்தை சும்மா இருப்பார்களா? வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா ஐயாவை இழுத்து, “நம்ம பக்கத்து ஊர்ப் பிள்ளைதானல அவரும்!” என்றார்கள். “அவருக்கு வைஃபை இல்ல ஆச்சி” என்றான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுக்கும் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வாரம் நானே ஜெபத்தில் சத்தமாக, “ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கண்ணைத் திறந்தருளும்” என்றேன். உள்ளே ஃபேன் ஐந்தாம் நம்பருக்குப் போன சத்தம் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அம்மாவுக்கு வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்புக்குப் பக்கத்துப் பானையில் போடுவாள், மிஷனரி ஊழியத்துக்குக் கைப்பிடி அரிசி. அரிசி கடன் வாங்கி வந்த நாளிலும் போடுவாள், அன்றைக்குக் கை கொஞ்சம் சின்னதாக மூடும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போவது என் வேலை. அந்தக் கை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, ஆனால் அவள் பண்ணின ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. என் பிள்ளைக்கு என்னிடமிருந்து எது ஞாபகம் இருக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை மதினி:
தங்கச்சி, முதலில் ஜெபத்தில் பிள்ளையைத் திட்டுவதை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்கிற மாதிரி அவனிடம் சொல்கிறோம், அவனுக்கு வாய் திறக்க வழியில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், மகளுடைய கணக்கு மார்க்கை ஜெபத்தில் சொல்லித்தான் தெருவுக்கே தெரிந்தது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பொம்பளைகள் பெயரைத்தான் சொல்கிறார், அப்பா கிரேக்கர். அந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஜெபம், எவ்வளவு நேரம் என்றெல்லாம் ஒன்றும் எழுதவில்லை.

நாசரேத் அண்ணாச்சி:
இன்றைக்கு ஜெபம் வேண்டாம் என்பான், நாளைக்குக் கோயில் வேண்டாம் என்பான். வீட்டுச் சோறு வேணும், வீட்டு ஜெபம் மட்டும் வேண்டாமா? எங்கள் ஐயா காலத்தில் பாய் விரித்தால் உட்கார வேண்டும், பேச்சே கிடையாது. விட்டுக்கொடுக்காதீங்க.

பெங்களூர்ப் பொடியன்:
அண்ணாச்சி கோபப்படக் கூடாது. நானும் அந்த ஃபேன் போட்ட பையன்தான், இப்போது 27 வயது. எனக்குக் கடவுள் மேல் ஒன்றும் சண்டை இல்லை அக்கா, ஜெபத்தில் வரும் அந்த மும்பைச் சித்தப்பா மேல்தான் சண்டை, அவர் பெயர் வரும்போதெல்லாம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கும். இங்கே வந்தபிறகு ஞாயிறு காலையில் நான் எழும்புவது அபூர்வம், பொய் சொல்லவில்லை. ஆனால் டிசம்பர் 31 ராத்திரி புதுவருஷ உடன்படிக்கை ஆராதனைக்குத் தனியாகவே போய்விடுவேன், ஏனென்றால் பன்னிரண்டரைக்கு அம்மா போன் பண்ணி, “உனக்கு என்ன வாக்குத்தத்த வசனம்ல வந்துச்சு?” என்று கேட்பாள், அதற்குப் பதில் இல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் திரும்பி வருவான் என்று நான் எழுதித் தர முடியாது. பையன் சிவில் என்கிறீர்களே, ஒருநாள் மெஞ்ஞானபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போய், சிமெண்ட் புழங்காத காலத்தில் இந்தத் தேரிச் செம்மணலில் இத்தனை உயரக் கோபுரத்தை எப்படில நிறுத்தினாங்க என்று கேட்டுப் பாருங்களேன். ஜெபம், சாட்சி ஒன்றும் வேண்டாம், சும்மா கேளுங்கள்.

உவரிக்காரி:
நாங்கள் கத்தோலிக்கர், எங்களுக்கு ஜெபமாலை. என் மகன் மாலையில் கடைசிப் பத்து மணியை உருட்டும்போதுதான் வாசலில் வந்து நிற்பான். நாற்பது மணி போனதை நான் எண்ணுவதில்லை.

தேரிக்காட்டு அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டார்கள், மற்றதை வாசிக்கவில்லை. மெஞ்ஞானபுரத்துக்கு இன்னும் போகவில்லை, செமஸ்டர் பரீட்சை நடக்கிறது.

ஆனால் அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி நேற்று பத்து நிமிஷத்தில் முடித்தோம், ஜெபத்தில் அவனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பாயைச் சுருட்டும்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். “அதுக்குள்ள முடிஞ்சிட்டா?” என்றான். ஆமா என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “என் பரீட்சைக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே?” என்றான். அத்தை சுருட்டின பாயைத் திரும்ப விரித்துவிட்டார்கள்.