இம்லே கேன்யன்: கீப்பர் குழிக்குக் கொக்கியா, மணல்பையா?

நவாஹோமண்:
அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஸயன் தேசியப் பூங்காவில் இம்லே கேன்யனில் (ஒடுங்கிய பாறைப் பள்ளத்தாக்கு) இறங்கத் திட்டமிடுகிறவர்களுக்கு என் கருத்து: பாறைத் துளையில் மாட்டித் தொங்கி ஏறும் கொக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, கயிற்றில் கட்டி எதிர் விளிம்புக்கு எறிந்து பிடித்து ஏற உதவும் மணல்பைகளை எடுத்துப் போங்கள். அங்கே கயிற்றில் இறங்குவது பெரிய வேலையே இல்லை. கீப்பர் குழியிலிருந்து, அதாவது விழுந்தால் எளிதில் வெளியேற முடியாத பாறைக் குழியிலிருந்து, ஏறி வெளியே வருவதுதான் வேலை. குழி நிரம்பியிருந்தால் நீந்திப் போய் விளிம்பைப் பிடித்துக் கொள்ளலாம். நீர் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டால் கால் தரையில் படாது, கையும் விளிம்புக்கு எட்டாது, சுவரில் பிடிமானமும் கிடையாது. கொக்கி மாட்ட முன்னால் வந்தவர்கள் துளை போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் அங்குள்ள நவாஹோ மணற்கல் நனைந்தால் வலு இழக்கும், துளையின் உதடு பொடிந்து கொக்கி வழுக்கும். பத்துப் பேர் தொங்கிய துளையை நம்பி பதினோராவது ஆள் தொங்குவது புத்திசாலித்தனமா?

கொக்கிக்காரன்:
பேச்சுக்கு நல்லா இருக்கு நண்பரே. ஒரு பையை 6, 7 கிலோவுக்கு மேல் நிரப்பினால் எறிய முடியாது. ஒரு ஆளைத் தாங்க மூன்று நான்கு பையாவது வேண்டும். அந்த மணலை எங்கே அள்ளுவீர்கள்? வெள்ளம் துடைத்துவிட்டுப் போன வெறும் பாறையில் ஒரு கைப்பிடி மணல் இருக்காது. தோள் அகலத்துக்கு மேல் இடமில்லாத இடுக்கில் கையை வீசி எறிய முடியுமா? இருவர் மட்டும் போகிற குழுவுக்குக் கொக்கியும் கால்வைத்து ஏறும் ஒரு ஏணிப்பட்டையும் சேர்த்து அரைக்கிலோகூட வராது. துளை ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தாமல் விட்டால் பாறை தானாக மூடிக்கொள்ளப் போவதில்லை.

நவாஹோமண்:
மணலைக் குழிக்குக் குழி தேடக்கூடாது. கிடைக்கிற இடத்தில் நிரப்பி, கடைசிக் கீப்பர் தாண்டும்வரை சுமக்க வேண்டும். கனம்தான், யார் இல்லை என்றது?

எறிகிற முறையைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். தண்ணீரில் மிதந்துகொண்டு எறியாதீர்கள். குழியில் இறங்குமுன், இந்தப் பக்க விளிம்பில் காலூன்றி நின்று எறியுங்கள். கயிறு அதன் கயிற்றுப்பையிலிருந்து சிக்காமல் ஓட வேண்டும். பை எதிர் விளிம்பில் உட்கார்ந்தால் போதாது, அதைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் தொங்க வேண்டும். அப்போதுதான் எடையோடு விளிம்பின் உராய்வும் சேரும், உங்கள் எடைக்குச் சமமாகப் பை வேண்டியதில்லை. ஆபத்தான கணம் இடுப்பு நீரைவிட்டு வெளிவரும்போது. அதுவரை நீர் பாதி உங்களைத் தாங்குகிறது. வெட்சூட்டில் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) தேங்கிய நீரும் சேர்ந்து எடை சட்டென்று கூடும், பைகள் நகர ஆரம்பிக்கும். அதனால் உதறி ஏறாமல் மெதுவாக, சீராக ஏறவும். கீழே வேறு யாரும் நிற்கவே கூடாது.

கயிறுகாவலர்:
இருவருமே கருவியைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், வரிசையைப் பற்றி யாருமே பேசவில்லையே. எதிர் விளிம்பில் ஒருவர் ஏறி உட்காரும்வரை நீங்கள் இறங்கி வந்த, பின்னால் உள்ள கயிற்றை உருவக்கூடாது. உருவிவிட்டால் திரும்பி ஏற வழியில்லை, எல்லோரும் ஒரே குளிர்நீரில் மாட்டுவீர்கள். வெளியேற முடியாத முதல் ஆள் கயிற்றைப் பிடித்துத் திரும்பி ஏறிக் கதகதப்பாகட்டும், அடுத்தவர் முயலட்டும். விரல் மரத்துப்போனால் கொக்கியைத் துளையில் பொருத்தக்கூட வராது. கோடையிலும் 4/3 மி.மீ. (உடல் பகுதி 4, கை கால் 3) தடிமன் வெட்சூட் குறைந்தபட்சம். இலையுதிர் காலம் என்றால் இன்னும் தடிமனானதோ, நீர் புகாத ட்ரைசூட்டோ.

இன்னொன்று: நான்கு பேர் இருந்தால் முதலில் தோள்மேல் தோள் ஏறிப் பாருங்கள். பாதிக் குழிகளுக்குக் கருவியே வேண்டாம்.

கொக்கிக்காரன்:
கயிறு விஷயம் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. தோள் ஏற்றம் தரை எட்டும் குழிக்குத்தான். ஆழமான நீரில் கீழே இருப்பவர்தான் முழுகுவார். சரி, நீர் உயர்ந்திருக்கும் காலமாகப் பார்த்துப் போனால் கருவியே வேண்டாமே?

கயிறுகாவலர்:
அங்கேதான் சிக்கல். குழிகள் நிரம்புவது பெரும்பாலும் கோடைப் பிற்பகுதியின் பருவமழை வெள்ளத்தில். நிரம்பிய குழி வேண்டுமென்று அந்த நாட்களில் நுழைந்தால் வெள்ளத்தின் வாயில் நுழைகிறீர்கள். 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அது குட்டியூண்டு கேன்யன். இம்லே நாள் முழுக்க இழுக்கும், நடுவில் தப்பி ஏற இடம் குறைவு. கடைசி இறக்கம் நேரே விர்ஜின் ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கான நாரோஸில் முடிகிறது. ஆற்றில் வினாடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் நாரோஸை மூடிவிடுவார்கள். அதனால் பனி உருகும் வசந்தமும் பெரும்பாலும் கைவிட்டுப் போகும்.

நவாஹோமண்:
மழைக்கு முந்திய ஜூனில் வானம் நம்பகம், குழி வற்றி மோசம். என் தேர்வு அந்த வற்றிய குழிதான், பைகளோடு. போன மாதம் நிரம்பியிருந்தது என்று யாரோ எழுதியதை நம்பிப் பைகளைக் குறைக்காதீர்கள். சில வாரம் வெயில் காய்ந்தால் அதே குழி கீப்பராகிவிடும்.

கொக்கிக்காரன்:
நான் இரண்டு பையும் ஒரு கொக்கியும் எடுப்பேன். கொக்கியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வேன், புதுத் துளை போடமாட்டேன். மோட்டார் துளைக்கருவிக்கு அங்கே எப்படியும் தடை.

நவாஹோமண்:
இரண்டு பை பத்தாது. மூன்றாவதாக உங்கள் முதுகுப்பையையே கட்டி எறியுங்கள், உள்ளே உலர்பையில் (நீர் புகாத பை) தண்ணீர் நிரப்பி. வடிதுளை உள்ள முதுகுப்பையில் நேரடியாக நிரப்பினால் எறிவதற்குள் பாதி ஒழுகிவிடும்.