அழைப்பு வராத டீம்

குழு: நம்ம வீடு, தருமபுரி
ஞாயிறு

தம்பி, 8.12
ராத்திரி ஒரு காலேஜ் கால்பந்து டீம் பற்றிப் படித்தேன். தூக்கமே வரவில்லை. அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.

அத்தை, 8.14
கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்குப் பேர் கால்பந்தா?

தம்பி, 8.19
அதை விடுங்கள் அத்தை. 1951, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். 9 மேட்ச், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. சீசன் முடிந்ததும் அங்கே ‘பௌல்’ என்று பெரிய மேட்ச் நடக்கும். கூப்பிட்டால்தான் ஆட முடியும். ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்று டீமில் 2 கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வருவதானால் வாருங்கள் என்று அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பேச்சு வந்திருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் யாருமே வரவில்லை என்றுவிட்டார்கள்.

சித்தப்பா, 8.21
பணம் போயிருக்குமே.

தம்பி, 8.23
போனது. காலேஜே கடனில் இருந்தது. அந்த சீசனோடு டீமை நிறுத்திவிட்டார்கள்.

நான், 8.24
அடப்பாவமே. அந்த 2 பேர்?

தம்பி, 8.30
மேட்சன் அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடினார். 400 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் வெள்ளி. டோலருக்கு முட்டி போய்விட்டது, ஆட்டமே முடிந்தது. ஆனால் 1965ல் என்எஃப்எல்லில், அதாவது அந்த ஆட்டத்தின் பெரிய தொழில்முறை லீக்கில், நடுவராக இறங்கினார். அங்கே முதல் கறுப்பின நடுவர் அவர்தான். 2006ல் அந்த டீமுக்கே காலேஜ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அத்தை, 8.31
55 வருடம் கழித்தா! சரி, அதுவரைக்கும் உயிரோடு இருந்தவர்கள் புண்ணியவான்கள்.

சித்தப்பா, 8.44
அண்ணன் பத்து நிமிஷமாக டைப் செய்துகொண்டே இருக்கிறார்.

பெரியப்பா, 8.47
எங்கள் வாலிபால் டீம் ஒரு ஊருக்கு மேட்ச் ஆடப் போனோம். ஊர் பேர் வேண்டாம். ஜெயித்தோம். சாப்பாடு போட்டார்கள். எங்களில் 2 பேருக்கு மட்டும் திண்ணைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இலை. தண்ணீர் கொட்டாங்குச்சியில். அதிலே ஒருவன்தான் அன்றைக்கு எங்களை ஜெயிக்க வைத்தவன்.

நான், 8.48
நீங்கள் என்ன செய்தீர்கள் பெரியப்பா?

பெரியப்பா, 8.52
நல்ல பசி. மீதி பேர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார்கள், அதுகூட ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தான்.

அத்தை, 8.55
அவர் பாலக்கோட்டில்தானே இருக்கிறார் அண்ணா?

பெரியப்பா, 8.56
ஆமாம். போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன்.

தம்பி, 8.57
அதைப் பற்றிப் பேசினீர்களா?

பெரியப்பா, 9.10
தக்காளி விலை பேசினோம்.