போர் மோட்டார் மாத்த 1,54,600 ரூபாய் கேக்கறாங்க, நியாயமான விலைங்களா?

காங்கயம் தோட்டம்:
6½ இன்ச் போர், 540 அடியில 5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் இறக்கியிருக்குதுங்க. போன வாரம் ட்ரிப் ஆச்சு, அப்புறம் எடுக்கவே இல்ல. பார்க்க வந்தவர் காயில் போச்சுன்னு சொல்லி எழுதிக் குடுத்தது:

7.5 எச்பி மோட்டார் பம்ப் செட் 52,000
யூபிவிசி காலம் பைப் 60 எண்ணம் 36,000
2.5 ஸ்கொயர் ஃப்ளாட் கேபிள் 360 மீட்டர் 39,600
ஸ்டார் டெல்டா பேனல் 14,000
கழட்டி மாட்டக் கூலி 8,000
இதரம் 5,000

இப்ப இருக்கற பைப்பும் கேபிளும் (4 ஸ்கொயர், அதாவது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி) 2017ல வாங்குனது. தென்னைக்குத்தான் தண்ணி. சரிங்களா, இல்ல குறைச்சுக் கேக்கலாங்களா?

பல்லடம் மோட்டார் வேலை:
குறைச்சுக் கேக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் வேணுமான்னு பாருங்க. மோட்டாரை மேல எடுக்காம காயில் போச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. மேல நின்னு மெகர் (இன்சுலேஷன் சோதிக்கற மீட்டர்) வெச்சா கேபிள், ஜாயிண்ட், மோட்டார் மூணும் சேர்ந்துதான் ரீடிங் காட்டும். எடுத்ததும் ஜாயிண்ட்டை வெட்டி, மோட்டாரைத் தனியா, கேபிளைத் தனியா 500 வோல்ட் மெகர்ல பார்க்கச் சொல்லுங்க. ஜாயிண்ட்ல தண்ணி இறங்கியிருந்தா டேப் சுத்துற செலவோட முடிஞ்சுரும்.

பைப் கணக்கும் இடிக்குது. காலம் பைப் (போருக்குள்ள மோட்டார் தொங்கற பைப்) ஒண்ணு 10 அடி, 540 அடிக்கு 54 போதும். மீதி 6 எதுக்குன்னு கேளுங்க. யூபிவிசி துருப்பிடிக்காது. மரை தேஞ்சது, கப்லர்ல வெடிப்பு விட்டது மட்டும் மாத்துனாப் போதும், ரப்பர் ரிங்கை மட்டும் மொத்தமா புதுசு போட்டுருங்க. புது பைப் வாங்குற எடத்துல கிளாஸ் (எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கற தரம்) எழுதி வாங்கோணும். 165 மீட்டர் தண்ணி நின்னா அடிப்பைப்புல சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 16.5 கிலோ அழுத்தம். லேசான பைப்பைக் குடுத்துட்டு கெட்டிப் பைப் விலை போடறதும் நடக்கும்.

நெஜமாவே காயில் போயிருந்தா ரீவைண்டிங் (காயிலைப் புதுக் கம்பியில கட்டறது) விலையும் கேளுங்க. காப்பர் கம்பிதான்னு பில்லுல எழுதோணும், பழைய கம்பியை உங்க கையில குடுத்துரோணும். புஷ், த்ரஸ்ட் பேரிங் தேஞ்சிருந்தா அதையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க, இல்லீன்னா கட்டுன காயில் நிக்காது.

சூலூர் பேனல்:
இந்த பில்லை ஏத்துறது 7.5 எச்பிதானுங்க. அதுக்காக ஸ்டார் டெல்டா (மோட்டாரை ரெண்டு கட்டமா ஸ்டார்ட் பண்றது, ஆறு வயர் வேணும்), ஸ்டார் டெல்டாங்கறதால ரெண்டு கேபிள் இறக்கோணும், அதனாலதான் 360 மீட்டர். 5 எச்பியே போட்டா டிஓஎல் ஸ்டார்ட்டர் (நேரடியா ஸ்டார்ட் பண்றது, மூணு வயர்தான்) போதும். இருக்கற 4 ஸ்கொயர் கேபிள் மெகர்ல பாஸ் ஆனா அதையே இறக்கலாம். புதுசே வாங்குனாலும் 180 மீட்டருக்கு மேல வேண்டாம்.

7.5க்கு மின்வாரியத்துல கூடுதல் லோடு அனுமதியும் வாங்கோணும். அதை விட, போர்ல அவ்வளவு தண்ணி ஊறுதான்னு பாருங்க. 540 அடியில இருந்து 5 எச்பி நிமிசத்துக்கு 75, 80 லிட்டர் தூக்கும். அதாவது 200 லிட்டர் ட்ரம் ரெண்டரை நிமிசத்துல நெறையும். இப்பவே ஒரு மணி நேரத்துல தண்ணி இறங்கிக் காத்து வாங்குதுன்னா, பெரிய மோட்டார் போட்டா இன்னும் சீக்கிரம் காத்து வாங்கும், அவ்வளவுதான்.

எதனால எரிஞ்சதுன்னு கொட்டேஷன்ல ஒரு வரி கூட இல்லையே. காயிலைப் பிரிக்கும்போது கூட நில்லுங்க. மூணு செட்ல ஒண்ணோ ரெண்டோ மட்டும் உருகியிருந்தா சிங்கிள் ஃபேஸிங் (மூணு ஃபேஸ்ல ஒண்ணு வராம ஓடுனது). மூணும் ஒரே மாதிரி உருகியிருந்தா லோ வோல்டேஜ், ஓவர்லோடு, இல்ல தண்ணியில்லாம ஓடுனது. கப்பாசிட்டர் போட்டு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டுற பழக்கம் இருந்தா வேற காரணமே தேட வேண்டாம், எந்தக் கம்பெனி மோட்டாரும் அதுல தாங்காது.

காங்கயம் தோட்டம்:
கப்பாசிட்டர் இருக்குதுங்க. த்ரீ ஃபேஸ் வராத நேரத்துல அதுலதான் ஓட்டறது. பேனல் மாத்தாம அதுக்கு என்ன பண்ணலாமுங்க?

சூலூர் பேனல்:
கப்பாசிட்டரைக் கழட்டிருங்க. இருக்கற பேனல்லயே சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்ட்டரும் (ஒரு ஃபேஸ் போனா நிறுத்தறது) ட்ரை ரன் ரிலேவும் (தண்ணியில்லாம ஓடுனா நிறுத்தறது) சேர்த்துக்கலாம். தண்ணியில்லாம ஓடுறப்ப ஆம்ப்ஸ் ஏறாது, இறங்கும். அதனால ஓவர்லோடு ரிலே அதைக் கண்டுக்காது, ட்ரை ரன் தனியா வேணும். ஓவர்லோடை மோட்டார் பிளேட்ல இருக்கற ஆம்பியருக்கு வைங்க. ட்ரிப் ஆகுதுன்னு ஸ்க்ரூவைத் திருப்பி ஏத்த வேண்டாம்.

பல்லடம் மோட்டார் வேலை:
இறக்குற அன்னிக்கு: மோட்டார்ல நல்ல தண்ணி ஊத்தி, ஆட்டி, காத்து முழுசும் போன பின்னாடிதான் மூடி போடோணும். உப்புத் தண்ணி ஆகாது. இறக்கி முடிச்சதும் மெகர் 2 மெகாஓமுக்குக் கீழ காட்டக்கூடாது. ஓட விட்டு மூணு ஃபேஸ்லயும் க்ளாம்ப் மீட்டர் வெச்சு ஆம்ப்ஸைப் பில்லுலயே எழுதி வாங்குங்க. தண்ணி கம்மியா வந்தா மோட்டார் ரிவர்ஸ்ல சுத்திட்டிருக்கலாம், ரெண்டு வயரை மாத்திப் பாருங்க. இதெல்லாம் சரியான பின்னாடி மீதிப் பணத்தைக் குடுங்க.

"இதரம் 5,000" என்னன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. பழைய மோட்டாரை அவரே எடுத்துக்கறதா இருந்தா அதுக்கு எவ்வளவு கழிச்சிருக்காருன்னும் கேளுங்க. பில்லுல அந்த வரியே காணோம்.