வீட்டை எழுதிக் குடுத்து 7 வருஷம் போனா கவுன்சில் தொடாதாம்!

பனங்கூடல்: கெயார் ஹோம் (வயசுபோனவையைப் பராமரிக்கிற இல்லம்) திரியில நெடுந்தீவான் அண்ணை எழுதியிருக்கிறார்: "தாய் தேப்பன்ர வீட்டைப் பிள்ளைக்கு எழுதி 7 வருஷம் போனா, கெயார் ஹோம் காசுக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) அதைத் தொடேலாது." முழுப்பிழை. 7 வருஷம் இன்ஹெரிட்டன்ஸ் டக்ஸ், அதாவது ஆள் செத்தாப் பிறகு சொத்துக்குக் கட்டுற வரி, அதின்ர கணக்கு. இங்கிலாந்தில கெயாருக்குக் கால எல்லையே இல்லை.

நெடுந்தீவான்: தம்பி, 7 வருஷம் 7 வருஷம்தான். சொலிசிட்டர்மார் சும்மாவே சொல்லுகினம்?

பனங்கூடல்: எந்தச் சட்டத்தில அண்ணை? கவுன்சில் பாக்கிறது ரெண்டு விஷயம். எழுதேக்க கெயார் தேவைப்படும் எண்டு தெரிஞ்சிருந்ததோ? காசு கட்டாமல் தப்புறது முக்கிய காரணமோ? ஓமெண்டா, வீடு இன்னும் அம்மான்ரதான் எண்டு கணக்குப் போடுவினம். கவுன்சில் உதவிக்கான சொத்து எல்லை 23,250 பவுண்ஸ், அதைத் தாண்டிடும், முழுக்காசும் கட்டவேணும். 2014 கெயார் அக்ட் 70ஆம் பிரிவின்படி வீட்டை வாங்கின பிள்ளையிட்டையும் அறவிடலாம். டிமென்ஷியா எண்டு தெரிஞ்சாப் பிறகு எழுதினா 10 வருஷம் போனாலும் கேப்பினம். முழு வீட்டையும் எழுதிப்போட்டு அம்மா வாடகை குடாமல் அங்கயே இருந்தா, டக்ஸுக்குக்கூட அந்த 7 வருஷம் ஓடத் தொடங்காது.

தாமரைக்குளம்: முதல்ல வீடு கணக்கில வருமோ எண்டு பாருங்கோவன். அப்பாவோ 60 தாண்டின சொந்தக்காரரோ ஏற்கனவே அதில குடியிருந்தா வராது. ஒருத்தரும் இல்லாட்டியும், நிரந்தரமாப் போன முதல் 12 கிழமைக்குச் சேர்க்கேலாது. பிறகும் உடன விக்கத் தேவையில்லை, டிஃபேர்ட் பேமென்ட் கேக்கலாம். கவுன்சில் காசைக் கட்டி வீட்டில கடனாப் பதியும். வட்டி உண்டு.

வல்லைவெளி: பெத்த தாயை ஹோமில விட இவ்வளவு கணக்கு!

தாமரைக்குளம்: ராவில எழும்பி வாசல் கதவைத் திறந்து றோட்டுக்குப் போற அம்மாவை வேலைக்குப் போற மகள் தனியப் பாக்கேலாது. உந்தப் பெருமையில, என்ன கெயார் தேவை எண்டு கவுன்சில் பாக்கிற அசெஸ்மென்டில "சமாளிக்கிறம்" எண்டு சொல்லுறதாலதான் கெயாரர் வந்துபோறதோட விடுகினம். எத்தினை மணிக்கு எழும்பினவ, எங்க விழுந்தவ, எந்தக் குளிசையை ரெண்டுதரம் போட்டவ எண்டு ஒரு கிழமை எழுதி சோஷல் வேர்க்கரிட்டைக் குடுக்கவேணும்.

வல்லைவெளி: உங்களிட்டைக் கேக்கேல்லை அக்கா. பொங்கல் மண்டபத் திரியிலயும் இப்பிடித்தான் குறுக்க வந்தனீங்கள்.

தாமரைக்குளம்: மண்டபக் கணக்கை நீங்கள் இன்னும் காட்டேல்லை.

நெடுந்தீவான்: வீட்டை விடுங்கோ, எப்பிடியும் பிள்ளையள் டொப்-அப் (கவுன்சில் குடுக்கிறதுக்கு மேல வாற மிச்சக்காசு) கட்டத்தானே வேணும்?

பனங்கூடல்: அதுவும் பிழை. கவுன்சில் ஒதுக்கின காசுக்குள்ள ஒரு ஹோமாவது அவையே காட்டவேணும். அதைவிட விலை கூடினதை நீங்கள் கேட்டாத்தான் டொப்-அப். ஹோம் காசு ஏறினா மிச்சத்தை ஆர் கட்டுறது எண்டு கேட்டு எழுத்தில வாங்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ. கதையை மாத்தாமல் அந்த 7 வருஷத்தைத் திருத்துங்கோ அண்ணை.

நெடுந்தீவான்: திருத்தமாட்டன். 7 வருஷம் எண்டு சொலிசிட்டர் தந்த கடிதம் கையில இருக்கு.

பனங்கூடல்: அந்தக் கடிதம் கெயாரைப் பற்றியோ, டக்ஸைப் பற்றியோ? தலைப்பு வரியை மட்டும் இதில போடுங்கோ.

நெடுந்தீவான்: உமக்கேன் நான் போடவேணும்?